மேலே காலி

மொண்டேவிடியோவில் ஞாயிறு என்றால்
நர்வாஹா தெருச் சந்தை.
ஒற்றைக் காலணி, சாவிக் குவியல், ஆளில்லாத கிளிக்கூண்டு,
அதற்கடுத்து வால்டெமார் சோசாவின் மடக்கு மேசை.
என் குடை தெரிந்ததுமே பிஸ்கட் டப்பாவைத் திறப்பான்:
"நெலிதா அம்மா, இன்றைக்கு ஒரு மந்திரி சிக்கியிருக்கிறார்."

இருபத்தாறு வருஷமாய்ச் சேர்க்கிறேன்.
கலங்கரை விளக்குக் காவலாளி நியமனம் ஒன்று.
பொலி எருது இறக்க அனுமதி ஒன்று.
செத்துப்போன கட்சியின் ரகசியச் சுற்றறிக்கை,
ஒன்பது பேர் ஒப்பமிட்டது,
அதில் ஐந்து பேருக்கு ஒரே கை.

பதவியேற்ற வாரத்தில்
ஒவ்வோர் எழுத்தும் குளித்துத் தலைசீவி நிற்கும்.
மூன்றாம் வருஷம் நடு எழுத்துகள் உதிரும்.
ஏழாம் வருஷம்
ஒரு கொக்கி, ஒரு வால், அவ்வளவுதான்.
நாற்காலி ஆடுவதைப் பத்திரிகைக்கு முன்பே
பேனா சொல்லிவிடும்.

அன்று டப்பாவிலிருந்து வந்தது
பொதுப்பணி அமைச்சகத்துத் தாள்.
உச்சியில் தராசும் குதிரையும் எருதும் பொறித்த முத்திரை.
அடியில் லெயாந்த்ரோ இபர்புரு, நீல மை, வால் நீண்டது.
நடுவே
ஒன்றுமில்லை.

"கப்பலேறும் முன் கட்டாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்களாம்.
வேண்டியதைச் செயலாளர் மேலே தட்டச்சு செய்துகொள்வார்.
பன்னிரண்டில் மிஞ்சியது இது ஒன்று."
வாசகம் இல்லாததற்கு விலை இல்லை என்றான்.
ஒரு கிலோ மாத்தே இலைக்கு ஆகும் காசைக் கொடுத்தேன்.

கையெழுத்து உண்டு, தலையெழுத்து இல்லை.
இரவு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.
தீர்ந்துபோன பதினொன்றும் என்ன சொல்லியிருக்கும்?
ஒரு பாலம் எழுந்திருக்கலாம்.
ஒரு வாத்தியார் பெட்டி கட்டி
எல்லையோர ரிவேராவுக்கு ரயிலேறியிருக்கலாம்.
கடலில் இருந்தவருக்குத் தெரியாது,
அந்நேரம் அவர் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்திருப்பார்.

என் அப்பா ரயில்வேயில் தந்தி அடித்தவர்.
ஒரு நாள் ஒரு கடிதம் வந்தது, வேலை போயிற்று.
அதைக் கிழித்து அடுப்பில் போட்டு
அந்தச் சூட்டில் தண்ணீர் காயவைத்தார்.
கீழே யார் ஒப்பமிட்டார் என்று
எங்கள் வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை.

தாளை மேசையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனது
என் தப்புதான்.

காலையில் நடுவெளியில் பென்சில் எழுத்து,
ஃபெர்மினின் கோணல் எழுத்து:
"வியாழன் மூன்று மணி. குழாய்க்காரர் வருகிறார்.
நாயைக் கட்டிவைக்கவும்."
அதன் கீழே, சகல மரியாதையுடன்,
இபர்புரு.

கத்தினேன். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.
"காலியாய்த்தானே கிடந்தது" என்றார் என் வீட்டுக்காரர்,
ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.
எத்தனை செயலாளர்கள்
இதே குரலில் சொல்லியிருப்பார்கள்!

வியாழன் வந்தது.
மூன்று மணிக்கு, சரியாக மூன்று மணிக்கு,
இந்த ஊர் சரித்திரத்தில் நடக்காத ஒன்றாக,
குழாய்க்காரர் மணியடித்தார்.
நாய் கட்டிப்போட்டிருந்தது.

வால்டெமார் லென்ஸை வைத்துப் பார்த்து
முதலில் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை.
"நல்ல ரப்பரால் அழித்துவிடுங்கள்,
கொடுத்ததைப்போல் மூன்று மடங்கு தருகிறேன்."

அழிக்கவில்லை.
விளக்குக் காவலாளிக்கும் எருதுக்கும் நடுவே
உறையிலிட்டு வைத்திருக்கிறேன்.
அட்டவணையில் என் கையால் எழுதினேன்:
அமைச்சர் ஆணை, ஒரு பக்கம், பென்சில்.
நிறைவேற்றப்பட்டது.

குழாய் இன்னும் சொட்டுகிறது.